வெளிநாட்டில் நின்று விமான டிக்கெட் வாங்கும்போது: வரி யாருக்கு, கரன்சி எதில்

பியூனஸ் அயர்ஸில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் ஒருவர் அடுத்த வாரம் சிலி நாட்டின் சாண்டியாகோ போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2021. விமான நிறுவனத்தின் அர்ஜென்டினா தளத்தில் டிக்கெட் 400 டாலர். அரசு நிர்ணயித்த விலை அப்போது ஒரு டாலருக்கு ஏறக்குறைய 100 பெசோ. கணக்குப்படி 40,000 பெசோதான் வரவேண்டும். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 66,000 என்று நிற்கும். நடுவில் சேர்ந்த 26,000 பெசோ இரண்டு பிடித்தங்களால் வந்தது. ஒன்று வெளிநாட்டுச் செலவுக்கான 30 சதவீதப் 'பாயிஸ்' வரி. இன்னொன்று வருமான வரிக்கென்று 35 சதவீத முன்பிடித்தம், அங்கே அதற்குப் 'பெர்செப்சியோன்' என்று பெயர். தன் ஊர் கார்டைத் தேய்த்தால் 400 டாலர் டிக்கெட்டுக்கு 660 டாலர் போய்விடும்.

அந்த இரண்டு பிடித்தங்களுமே அர்ஜென்டினாவில் வசிப்பவர்களுக்கு உரியவை. 2019 டிசம்பரில் வந்த 27,541ஆம் எண் சட்டம், பாயிஸ் வரிக்கு உட்பட்டவர் நாட்டில் வசிப்பவர் என்றே சொன்னது. கடல் கடந்து போகும் டிக்கெட்டைப் பொறுத்தவரை, அதற்கான பணத்தைக் கட்ட அரசின் அந்நியச் செலாவணிச் சந்தையை நாடவேண்டியிருக்கும் அளவுக்கே வரி என்றும் அதில் வரம்பு இருந்தது. சுற்றுலாவுக்கு வந்தவர் வசிப்பாளர் அல்ல. வெளிநாட்டு கார்டில் டாலராகக் கட்டுபவர் அந்த நாட்டின் டாலர் கையிருப்பைத் தொடுவதும் இல்லை. ஆனால் இணையதளத்துக்கு அது தெரியாது. 'அர்ஜென்டினா' என்று தேர்ந்தெடுத்து உள்ளே வந்தவர் எல்லோரும் அதற்கு வசிப்பாளர்தான். சட்டப்படி கட்டத் தேவையில்லாத பணத்தை எத்தனையோ பேர் கட்டிவிட்டுப் போனது இந்த ஒரு தெரிவால்தான்.

டிக்கெட் போடும் தொழிலில் இருப்பவர்கள் எந்த நாட்டு விஷயமானாலும் முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்வார்கள். விமானம் எங்கிருந்து கிளம்புகிறது? டிக்கெட் எந்த நாட்டில் விற்கப்படுகிறது? வாங்குபவர் எந்த நாட்டின் வசிப்பாளர்? ஒவ்வொரு வரியும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொண்டுதான் வருகிறது. கடவுச்சீட்டின் நிறம் இந்தக் கேள்விகளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நான் வெளிநாட்டவன், எனக்கு வரி கிடையாது' என்று கவுண்டரில் வாதாடுபவரும், 'வெளிநாட்டில் வாங்கினால் வரி வராது' என்று நம்புபவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்.

கிளம்பும் இடத்தைப் பிடித்து வரும் வரி

இதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்க முயல்வதும் வீண். நல்ல உதாரணம் பிரிட்டனின் விமானப் பயணிகள் வரி. டிக்கெட்டில் 'ஜிபி' என்ற குறியீட்டோடு வரும். பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு அது உண்டு. டிக்கெட்டைச் சென்னையில் வாங்கினாலும் துபாயில் வாங்கினாலும், வாங்குபவர் எந்த நாட்டவரானாலும் தொகை மாறாது. 2026 ஏப்ரலிலிருந்து 2,000 மைலுக்குள் போகும் வெளிநாட்டுப் பயணத்துக்கு எகானமியில் 15 பவுண்டு, 2,001 முதல் 5,500 மைல் வரை 102 பவுண்டு, அதற்கும் மேலே 106 பவுண்டு. மேல் வகுப்புகளில் முறையே 32, 244, 253. இந்தியா நடுப்பட்டையில் வருகிறது. எனவே சென்னை – லண்டன் – சென்னை ரிட்டர்ன் டிக்கெட்டைச் சென்னை ஏஜெண்டிடம் ரூபாயில் வாங்கினாலும், திரும்பி வரும் பாதிக்கான 102 பவுண்டு ரூபாயாக மாற்றப்பட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இதில் பயன்படும் இரண்டு விவரங்கள் உண்டு. எகானமியில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வரி கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்கள் பிள்ளைகளின் டிக்கெட்டில் 'ஜிபி' வரி ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறந்த தேதியைத் தவறாகப் பதிந்தால் ஏறிவிடும். இரண்டாவது, லண்டன் வழியாக 24 மணி நேரத்துக்குள் வேறு நாட்டுக்குப் போகும் விமானத்துக்கு மாறிப் போகிறவருக்கும் கிடையாது. டப்ளினிலிருந்து லண்டன் மாறிச் சென்னை வருகிறவர் மொத்தப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுத்தால் 102 பவுண்டு விழாது. டப்ளின் – லண்டன் தனியாக, லண்டன் – சென்னை தனியாக எடுத்தால் விழும், ஏனென்றால் இரண்டாவது டிக்கெட்டுக்கு முதல் டிக்கெட்டைப் பற்றித் தெரியாது. அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014இலேயே எடுத்துவிட்டது.

இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, டப்ளினில் தொடங்கும் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு லண்டனிலேயே போய் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். செய்யாதீர்கள். டிக்கெட்டில் ஒவ்வொரு பகுதிப் பயணத்துக்கும் இருக்கும் கூப்பன்களை வரிசைப்படிதான் பயன்படுத்தவேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் விதி. முதல் கூப்பன் பறக்காமல் விட்டால் மீதி எல்லாம் ரத்தாகி, லண்டன் கவுண்டரில் அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கவேண்டி வரும்.

இந்தியாவின் ஜிஎஸ்டியும் இந்த வகைதான். தொடர் பயணத்தில் பயணி எங்கே முதலில் ஏறுகிறாரோ அந்த இடத்தைப் பிடித்துப் போடப்படும் வரி இது. டிக்கெட்டில் 'கே3' என்று இருக்கும். எகானமிக்கு 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அம்மாவுக்குச் சென்னை – சிங்கப்பூர் டிக்கெட்டை அங்கிருந்தே சிங்கப்பூர் கார்டில் எடுத்தாலும் 'கே3' இருக்கும். அம்மா ஏறுவது சென்னையில்.

டிக்கெட்டை வரி வரியாகப் படிப்பது

மின் டிக்கெட்டின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பகுதியை யாரும் படிப்பதில்லை. பணம் போன வழி முழுக்க அங்கேதான் எழுதியிருக்கிறது. ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்போம். விலைகள் கணக்கைப் புரியவைக்க மட்டும்.

முதலில் அடிப்படைக் கட்டணம், 20,000 ரூபாய். அடுத்து 'ஒய்க்யூ' அல்லது 'ஒய்ஆர்', 5,000. இந்த இரண்டும் வரிப் பட்டியலில் இருந்தாலும் வரி அல்ல, எரிபொருள் போன்ற காரணங்களைச் சொல்லி விமான நிறுவனம் தனக்கே வாங்கிக்கொள்ளும் கூடுதல் கட்டணம். அதனால்தான் 'கே3' கணக்கிடும்போது இதையும் சேர்க்கிறார்கள். 25,000க்கு 5 சதவீதம், 1,250. இதே பிசினஸ் வகுப்பில் அடிப்படை 90,000, 'ஒய்ஆர்' 10,000 என்றால் முன்பு 12,000 இருந்த ஜிஎஸ்டி இப்போது 18,000. பிறகு 'ஐஎன்', விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம். 'பி2', பாதுகாப்புக் கட்டணம். பிறகு இறங்கும் நாட்டின் குறியீடுகள். ஏஜெண்டின் சேவைக் கட்டணமும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் டிக்கெட்டில் வராது, தனி ரசீதில் வரும். அந்த ரசீதைக் கேட்டு வாங்கவேண்டும். பின்னால் ரத்து செய்யும்போது எது விமான நிறுவனத்தின் பிடித்தம், எது ஏஜெண்டின் பிடித்தம் என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை.

வெளிநாட்டுப் பயணிகள் அடிக்கடி கேட்பது, ஊருக்குப் போகும்போது இந்த ஜிஎஸ்டியை விமான நிலையத்தில் திரும்ப வாங்கலாமா என்று. முடியாது. பல நாடுகள் சுற்றுலாப் பயணிகளுக்குத் திருப்பித் தரும் வரி, அவர்கள் கையோடு எடுத்துப்போகும் பொருள்களுக்கானது. அர்ஜென்டினாவில்கூட வெளிநாட்டு கார்டில் கட்டினால் 21 சதவீத மதிப்புக்கூட்டு வரி விலக்கு கிடைப்பது ஓட்டல் அறைக்குத்தான். பன்னாட்டு விமான டிக்கெட்டுக்கு அங்கே அந்த வரியே கிடையாது.

யார் வசிப்பாளர் என்ற கேள்வி

அர்ஜென்டினாவின் 'பெர்செப்சியோன்' நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் டிசிஎஸ் என்று வாங்குகிறார்களே, அதன் தன்மைதான். வருமான வரிக்கு முன்கூட்டியே பிடித்து வைப்பது. வருமான வரி கட்டுபவர் கணக்கில் கழித்துக்கொள்வார், கட்டத் தேவையில்லாதவர் திரும்பக் கேட்பார். அர்ஜென்டினாவில் திரும்பக் கேட்க அந்த நாட்டு வரி எண், வரித்துறைத் தளத்துக்கான கடவுச்சொல், உள்ளூர் வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். பத்து நாள் தங்க வந்தவரிடம் இதில் ஒன்றும் இருக்காது. அதனால் அவரிடம் தவறாகப் பிடிக்கப்பட்ட முன்பிடித்தம் நடைமுறையில் போனதுதான். பிடிக்கவிடாமல் தடுப்பது ஒன்றே வழி.

இந்தியாவில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. டிசிஎஸ் வருவது வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு. வெறும் பன்னாட்டு விமான டிக்கெட் பேக்கேஜ் ஆகாது. 2023இல் நேரடி வரிகள் வாரியம் தந்த விளக்கப்படி பயண டிக்கெட், ஓட்டல் தங்கல், அதுபோன்ற வேறு செலவு இவற்றில் குறைந்தபட்சம் இரண்டு சேர்ந்திருந்தால்தான் பேக்கேஜ். 2023 அக்டோபரிலிருந்து 7 லட்சம் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமும் பிடித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை அந்த எல்லை 10 லட்சமாக இருந்தது. விகிதம் அடிக்கடி மாறும் விஷயம் என்பதால் வாங்கும் அன்று என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறாத பாடம் வேறு: டிக்கெட்டையும் ஓட்டலையும் ஒரே ஏஜெண்டிடம் ஒரே பில்லில் எடுத்தால் டிசிஎஸ் வரும், டிக்கெட்டை மட்டும் எடுத்து ஓட்டலை நேரடியாகப் பதிந்தால் வராது.

வெளிநாட்டவருக்கு இதில் 2022இல் விலக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்திருக்கும், இந்திய வசிப்பாளர் அல்லாத தனிநபரிடம் இந்த டிசிஎஸ்ஸைப் பிடிக்கவேண்டாம் என்று அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 அறிவிப்பு சொன்னது. விலக்கு வருவதற்கு முன்னால், சென்னைக்கு வந்த ஜெர்மன்காரர் இங்கிருந்து நான்கு நாள் கொழும்பு போய்வர ஏஜெண்டிடம் டிக்கெட்டும் ஓட்டலும் சேர்த்து வாங்கினால் டிசிஎஸ் பிடிக்கவேண்டியிருந்தது. அவரிடம் பான் எண் இல்லை, அதனால் திரும்ப வாங்க வழியும் இல்லை. விலக்கு வந்த பிறகும் சிக்கல் கணினியில் இருக்கிறது. பில் போடும் மென்பொருள் பான் கேட்கும், இல்லையென்றால் கூடுதல் விகிதத்தைத் தானாக ஏற்றிவிடும். பில் அச்சாவதற்கு முன்பே கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா, நுழைவு முத்திரைப் பக்கம் மூன்றின் நகலையும் கொடுத்து, வசிப்பாளர் அல்ல என்று பதிவு செய்யச் சொல்லவேண்டும். பில் போட்டு வரி அரசுக்குப் போய்விட்டால் ஏஜெண்டாலும் ஒன்றும் செய்யமுடியாது.

இங்கே நம்மவர்களில் பலர் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோடு சென்னையிலேயே வேலை பார்ப்பவர்களும் ஓய்வுக் காலத்தைக் கழிப்பவர்களும் தங்களை வெளிநாட்டவர் என்று சொல்லி விலக்குக் கேட்கிறார்கள். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் வரிக் கணக்கில் வசிப்பாளர், கடவுச்சீட்டு எதுவானாலும். குறைவாகத் தங்குகிறவர்களுக்கும் முந்தைய ஆண்டுகளின் தங்கலைக் கூட்டிப் பார்க்கும் விதிகள் உண்டு. அவர்கள் வசிப்பாளராகவே டிசிஎஸ் கட்டி, பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்வதுதான் சரி.

விற்கப்படும் நாடு எது

தொழிலில் இதற்கு நான்கு சொற்கள் உண்டு. பயணம் தொடங்கும் நாட்டிலேயே விற்று அங்கேயே டிக்கெட் வெளியானால் 'சிட்டி'. வேறு நாட்டில் விற்று வேறு நாட்டிலேயே வெளியானால் 'சோட்டோ'. மற்ற இரண்டும் இவற்றின் கலவை, அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. இணையத்தில் வாங்கும்போது விற்பனை நாட்டைத் தீர்மானிப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஊர் அல்ல. தளத்தின் மேல் மூலையில் இருக்கும் நாட்டுத் தெரிவும், சில தளங்களில் கார்டு பில் முகவரியும்தான்.

அர்ஜென்டினாவில் இந்தத் தெரிவுக்கு மதிப்பு அதிகம். அங்கே சுற்றுலா வளர்ச்சிக்கென்று வெளிநாட்டுப் பயண டிக்கெட்டில் 7 சதவீதம் வாங்குகிறார்கள். நாட்டுக்குள் விற்ற டிக்கெட்டுகளுக்கும், வெளியே விற்றாலும் அர்ஜென்டினா வசிப்பாளருக்கென்று விற்ற, அங்கே தொடங்கும் பயணங்களுக்கும் அது உண்டு. வசிப்பாளர் அல்லாதவர் நாட்டுக்கு வெளியே விற்ற டிக்கெட்டை எடுத்தால் அந்த எல்லைக்குள் வரமாட்டார். எனவே பியூனஸ் அயர்ஸ் ஓட்டல் அறையில் இருந்தபடியே தளத்தின் நாட்டை அமெரிக்கா என்றோ தன் சொந்த நாடு என்றோ மாற்றி, வெளிநாட்டு கார்டில் டாலராகக் கட்டுவதுதான் பயணிகளுக்கு எளிதாக அமைந்தது. இது குறுக்கு வழி அல்ல, அவர் உண்மையில் யாரோ அந்த நிலையில் வாங்குகிறார். கார்டு உண்மையில் அவருடையதாகவும், பில் முகவரி உண்மையாகவும் இருக்கவேண்டும். தளம் மறுத்தால் விமான நிறுவனத்தின் டிக்கெட் அலுவலகத்துக்கே கடவுச்சீட்டோடு போய், வசிப்பாளர் அல்லாதவர் என்று சொல்லி வெளிநாட்டு கார்டில் போடச் சொல்லிக் கேட்கலாம்.

பாயிஸ் வரி ஐந்தாண்டுக் காலம் முடிந்து 2024 டிசம்பரில் காலாவதியானது. முன்பிடித்தம் நடுவில் பலமுறை ஏறி இறங்கி, 2023 டிசம்பரில் 30 சதவீதத்துக்கு வந்து, அதன் பிறகும் தொடர்ந்தது. 2025 ஏப்ரலில் தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தபோதும் வெளிநாட்டுப் பயணச் செலவுக்கான முன்பிடித்தத்தை எடுக்கவில்லை. எனவே நாட்டுத் தெரிவைச் சரிபார்க்கும் பழக்கம் அங்கே இன்னும் தேவை. ஒரு சிறு விவரம்: எல்லையில் இருக்கும் நாடுகளுக்குத் தரைவழியாகப் போகும் பயணத்துக்கு இந்தப் பிடித்தங்கள் இல்லை. பியூனஸ் அயர்ஸிலிருந்து உருகுவேயின் மான்டிவிடியோவுக்குப் பஸ்ஸில் போனால் இல்லை, ஆற்றைக் கடக்கும் கப்பலில் போனால் உண்டு.

ஏன் இப்படி ஒரு வரி வைத்தார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற நாடுகளிலும் எங்கே கவனிக்கவேண்டும் என்று தெரியும். 2021இல் அரசு விலை 100 பெசோ என்றால் வெளிச்சந்தையில் 190 பெசோ அளவில் இருந்தது. வரியே இல்லையென்றால் 40,000 பெசோ டிக்கெட்டை வெளிச்சந்தையில் மாற்றிய 210 டாலரில் வாங்கிவிடலாம். விமான நிறுவனத்துக்கு அரசு 400 டாலர் கொடுத்தாகவேண்டும். ஆளுக்கு 190 டாலர் அரசுக் கையிருப்பிலிருந்து ஒழுகும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 65 சதவீதம். அதே காரணத்துக்காக 2021 நவம்பரில் வெளிநாட்டுப் பயண டிக்கெட்டைத் தவணையில் விற்கவும் மத்திய வங்கி தடை போட்டது. 66,000 பெசோவை 190ஆல் வகுத்தால் 347 டாலர். அதாவது வரி எல்லாம் சேர்ந்த பிறகும் பெசோ ரொக்கம் வைத்திருந்தவருக்கு லாபம், வெளிநாட்டு கார்டில் அதே தளத்தில் கட்டியவருக்குப் பெரும் நஷ்டம். ஒரே டிக்கெட் 347, 400, 660 என்று மூன்று விலைக்கு விற்றது இப்படித்தான். தெருவில் பணம் மாற்றுவது அங்கே சட்டப்படி குற்றம், கள்ள நோட்டும் கைக்கு வரும். டிக்கெட்டுக்காக அதில் இறங்கவேண்டாம். 2022 இறுதியில் வெளிநாட்டுப் பயணிகளின் கார்டு செலவை அரசு விலையில் அல்லாமல், வெளிச்சந்தைக்கு நெருக்கமான நிதிச் சந்தை விலையில் கணக்கிட ஏற்பாடு வந்ததும் அந்தத் தேவையும் பெருமளவு போய்விட்டது.

நைஜீரியாவில் இதற்கு நேர்மாறான முகத்தைப் பார்க்கலாம். அங்கே வரி ஏறவில்லை, மலிவு டிக்கெட்டே மறைந்தது. விமான நிறுவனங்கள் நைராவில் விற்ற பணத்தை டாலராக மாற்றி வெளியே எடுக்க மத்திய வங்கியிடம் டாலர் கிடைக்கவில்லை. பணம் மாதக்கணக்கில் முடங்கியது. எமிரேட்ஸ் 2022இல் சேவையையே நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் திரும்பியது. பறந்துகொண்டிருந்த நிறுவனங்கள் செய்தது என்னவென்றால், நாட்டுக்குள் விற்கும் இருக்கைகளில் குறைந்த விலைப் பிரிவுகளை மூடிவிட்டன. லாகோஸ் ஏஜெண்டின் திரையில் விலை உயர்ந்த பிரிவு மட்டும் தெரியும், அதே விமானத்தின் அதே இருக்கை லண்டனில் விற்கும்போது கீழ்ப் பிரிவில் கிடைக்கும். அந்நியச் செலாவணி நெருக்கடி இருக்கும் எந்த நாட்டிலும் திரும்பும் டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. புறப்படும் முன்பே ரிட்டர்னாக எடுத்துவிடவேண்டும்.

கரன்சி எங்கே மாறுகிறது

பன்னாட்டுக் கட்டணம் பொதுவாகப் பயணம் தொடங்கும் நாட்டின் கரன்சியில் நிர்ணயிக்கப்படுகிறது. பணவீக்கம் மிகுந்த பல நாடுகளில் டாலரிலேயே நிர்ணயிக்கிறார்கள், அர்ஜென்டினா அப்படித்தான். பல கரன்சிகளைக் கூட்டிக் கழிக்க 'என்யூசி' என்ற பொது அலகு 1989 முதல் இருக்கிறது. டிக்கெட்டில் கட்டணக் கணக்கு எழுதியிருக்கும் இடம் 'என்யூசி 240.00 எண்ட் ஆர்ஓஈ 83.50' என்பதுபோல முடியும். 'ஆர்ஓஈ' என்பது மாற்று விகிதம். இரண்டையும் பெருக்கினால் 20,040 ரூபாய். டாலர் நாடுகளில் அந்தக் கடைசி எண் 1.00 என்றே இருக்கும்.

வேறு நாட்டில் விற்கும்போது இந்தத் தொகை அன்றைய வங்கி விற்பனை விலையில் அந்த நாட்டுக் கரன்சிக்கு மாறும். 'அன்றைய' என்பது டிக்கெட் வெளியாகும் நாள். இருக்கையைப் பிடித்து வைத்த நாள் அல்ல. திங்கட்கிழமை பிடித்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை பணம் கட்டினால் விலை மாறியிருப்பதற்குப் பெரும்பாலும் ஏஜெண்ட் காரணம் அல்ல.

பிறகு கார்டில் இன்னொரு முறை மாறும். பணம் போவது இங்கேதான் அதிகம். இந்திய கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுக் கரன்சிக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல், அந்தக் கூடுதலுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் டிக்கெட்டில் 3,500, அதற்கு 630, ஆக 4,130. இதைத் தவிர்க்க வெளிநாட்டுத் தளத்தில் 'இந்திய ரூபாயில் கட்டுங்கள்' என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். அது இன்னும் மோசம். அந்த ரூபாய் விலையில் தளமோ அதன் வங்கியோ தன் மாற்று விலையை வைத்திருக்கும். விற்பவர் வெளிநாட்டில் பதிவானவர் என்பதால், ரூபாயில் கட்டியதற்கும் சில இந்திய வங்கிகள் தனியே கட்டணம் போடும். டிக்கெட் அலுவலகத்தில் கார்டைத் தேய்க்கும் மெஷின் இரண்டு தொகை காட்டினால் உள்ளூர் கரன்சியை அழுத்துங்கள். காசாளர் கேட்காமலே உங்கள் ஊர்க் கரன்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கையெழுத்துக்கு முன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்ல உரிமை உண்டு. அர்ஜென்டினாபோல இரண்டு விலை இருக்கும் நாட்டில் மட்டும், கட்டணமே டாலரில் இருக்கும்போது டாலராகக் கட்டவேண்டும். பெசோவாக மாற்றவிட்டு மறுபடி டாலராக மாறும்போது எந்த விலை விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

கிளம்புவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம். 2020இல் வந்த விதிப்படி புதிதாகத் தரப்படும் இந்திய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் இயங்கும் நிலையில்தான் வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அதன் உச்ச வரம்பையும் வங்கிச் செயலியில் நீங்களே திறக்கவேண்டும். வரம்பு 50,000இல் நிற்க டிக்கெட் 52,000 என்றால் காரணம் சொல்லாமல் மறுக்கும். அடுத்தது, இன்னொருவர் கார்டில் எடுத்த டிக்கெட். சிங்கப்பூர் மகன் எடுத்த டிக்கெட்டில் சென்னையில் ஏறும் அம்மாவிடம் 'கார்டைக் காட்டுங்கள்' என்று சில நிறுவனங்கள் கேட்பதுண்டு. பதிந்த உடனே அந்த நிறுவனத்தின் கார்டு சரிபார்ப்பு விதியைப் பார்த்து, அவர்கள் கேட்கும் படிவத்தை மகன் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். நடு எண்களை மறைத்த கார்டு நகலும் மகனின் அடையாள அட்டை நகலும் அம்மாவின் கைப்பையில் இருந்தால் நல்லது. கார்டின் பின்பக்க மூன்று இலக்க எண்ணை யாருக்கும் எந்த நகலிலும் கொடுக்கக்கூடாது.

பணம் திரும்பும்போது

பணம் எந்தக் கரன்சியில், எந்த வழியில், எந்த நாட்டு விற்பனையில் போனதோ அதே வழியில்தான் திரும்பும். சென்னையில் ரூபாயில் எடுத்த டிக்கெட்டை டொரன்டோ அலுவலகத்தில் கொடுத்து டாலர் வாங்க முடியாது. ஏஜெண்டிடம் எடுத்திருந்தால் ஏஜெண்ட் வழியாகவே வரும். கார்டில் வெளிநாட்டுக் கரன்சியாகப் போயிருந்தால் திரும்பும் நாளின் விலை விழும், வங்கி முதலில் பிடித்த 3.5 சதவீதம் பொதுவாகத் திரும்பாது.

கட்டணம் திரும்பாத மலிவு டிக்கெட் என்றாலும் பறக்காத பயணத்தின் வரிகளைக் கேட்டு வாங்கலாம். இந்திய விமான நிறுவனங்கள் மேம்பாட்டுக் கட்டணத்தையும் பாதுகாப்புக் கட்டணத்தையும் எந்த வகை டிக்கெட்டிலும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பிரிட்டன் வரியும் பறந்தவருக்குத்தான், லண்டனிலிருந்து திரும்பும் பாதியைப் பயன்படுத்தாதவர் 102 பவுண்டைக் கேட்கலாம். நிறுவனம் அதில் நிர்வாகக் கட்டணம் கழிக்கக்கூடும். 'ஒய்க்யூ', 'ஒய்ஆர்' வரி அல்ல என்பதால் பெரும்பாலும் வராது. இங்கேதான் டிக்கெட்டின் குறியீட்டுப் பட்டியல் கையில் இருக்கவேண்டும். 'வரி எவ்வளவு வரும்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது, 'ஜிபி 102, பி2 இவ்வளவு' என்று குறியீட்டோடு எழுதினால் வரும்.

மதிப்புச் சரியும் கரன்சியில் கட்டியவர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 2023 டிசம்பர் 13 அன்று அர்ஜென்டினா அரசு டாலர் விலையை 366 பெசோவிலிருந்து 800க்கு உயர்த்தியது. முந்தைய வாரம் 400 டாலர் கட்டணத்துக்கு 1,46,400 பெசோ கட்டி, மறு வாரம் அதே 1,46,400 பெசோவைத் திரும்ப வாங்கியவர் கையில் 183 டாலர். அப்படிப்பட்ட நாட்டில் ரத்து செய்ய நேர்ந்தால், பணமாகக் கேட்கும் முன் டாலர் மதிப்பில் பயண வவுச்சராகத் தருவார்களா, தேதி மாற்றம் செய்தால் பழைய கட்டணத்தை டாலரில் கணக்கிடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வவுச்சர் வாங்கினால் அதை எந்த நாட்டுத் தளத்தில் பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அர்ஜென்டினா விற்பனையில் வந்த வவுச்சர் அர்ஜென்டினா விற்பனைக்குள்ளேயே அடங்கிவிட்டால், அடுத்த டிக்கெட்டிலும் அதே முன்பிடித்தம் காத்திருக்கும்.